விருத்தசேதனமும் எய்ட்ஸ் நோய்த் தடுப்பும்

எகிப்து தேசத்தில் சக்காரா என்னும் இடத்திலுள்ள அங்க்மாஹோர் என்ற அதிகாரியின் சமாதிச் சுவரில், நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட சிற்பம் ஒன்று இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் இளைஞன் ஒருவனுக்கு எதிரே குந்தியிருப்பவன் விருத்தசேதனம் செய்கிறான். இளைஞன் வேதனையில் கையை வீசிவிடாதபடி மற்றொருவன் அவனுடைய கைகளைப் பற்றிக்கொண்டிருக்கிறான். மானிட ஜாதி தன் உடம்பின்மேல் தானே செய்துகொண்ட சஸ்திர சிகிச்சைகளுள் இவ்வளவு புராதனமானதும், இவ்வளவு பரவலானதும், இவ்வளவு வாதப் பிரதிவாதங்களுக்கு இடமளித்ததும் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. யூதர்களுக்கு அது ஆண்டவனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் அடையாளம், இஸ்லாமியர்களுக்கு நபிவழி, ஆப்பிரிக்காவின் பற்பல குலங்களுக்குச் சிறுவன் ஆண்மகனாகும் சடங்கு. நம் நாட்டில் சுன்னத்து என்று வழங்கும் இதே சிகிச்சையை, மதமும் குலமும் ஒருபுறம் இருக்க, ஒரு கொடிய வியாதிக்குத் தடுப்பாக வைத்தியர்கள் சிபாரிசு செய்த வரலாறும், அந்தச் சிபாரிசு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதும் இங்கே ஆராயத் தக்கவை.

வைத்தியர்கள் இதற்காக வாதாடியது இது முதல் தடவை அன்று. 1855-ஆம் ஆண்டிலேயே ஜொனாதன் ஹட்சின்சன் என்ற ஆங்கில வைத்தியர், லண்டனில் தம்மிடம் வந்த நோயாளிகளில் யூதர்களுக்கு மேகநோய் குறைவாக இருப்பதைக் கண்டு, அதற்கு விருத்தசேதனமே காரணம் என்று எழுதினார். 1870-இல் நியூயார்க்கில் லூயிஸ் சேயர் என்ற எலும்பு வைத்தியர், கால் வழங்காத சிறுவன் ஒருவனை இந்தச் சிகிச்சையினாலேயே நடக்க வைத்ததாகக் கூறினார். பிறகு கேட்க வேண்டுமா? வலிப்பு முதல் சித்தப் பிரமை வரை ஒவ்வொன்றுக்கும் அதுவே பரிகாரம் என்று சொல்லும் வைத்தியர்கள் பெருகினார்கள். அந்தக் கூற்றுகளுள் மிகப் பெரும்பாலானவை பின்னர்ப் பொய்த்துப் போயின. ஆகவே, 1986-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆரன் ஃபிங்க் என்ற வைத்தியர், முன்தோல் இல்லாதவர்களை எய்ட்ஸ் எளிதில் பற்றாது என்ற அனுமானத்தை ஒரு மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதியபோது, பழைய பாட்டைப் புதிய ராகத்தில் பாடுகிறார் என்று பலர் புன்னகை புரிந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் புன்னகை நெடுநாள் நீடிக்கவில்லை. கென்யாவின் தலைநகரான நைரோபியில், கனடா நாட்டு மானிட்டோபா சர்வகலாசாலையாரும் உள்ளூர்ச் சர்வகலாசாலையாரும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியில், பால்வினை நோய்க்கு வைத்தியம் செய்துகொள்ள வந்த ஆடவர்களுள் விருத்தசேதனம் செய்துகொள்ளாதவர்களையே எச்.ஐ.வி. கிருமி மிகுதியாகப் பற்றியது என்ற செய்தி 1989-இல் வெளிவந்தது. அதே காலத்தில் ஜனத்தொகை ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழியில் சென்றார்கள். எந்தெந்தக் குலத்தார் விருத்தசேதனம் செய்கிறார்கள் என்பதைக் காட்டும் ஆப்பிரிக்கப் படத்தையும், எங்கெங்கே எய்ட்ஸ் மலிந்திருக்கிறது என்பதைக் காட்டும் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் சடங்கு உள்ள நாடுகளில் நோய் மட்டாகவும், விக்டோரியா ஏரியிலிருந்து தெற்கே செல்லும் சடங்கு இல்லாத நாடுகளில் நோய் காட்டுத்தீயாகவும் இருப்பது கண்கூடாகத் தெரிந்தது. உகாண்டாவின் ராக்காய் ஜில்லாவில், மனைவிக்கு மட்டும் கிருமி இருந்து கணவனுக்கு இல்லாத தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் 2000-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் துலக்கமானது: விருத்தசேதனம் செய்யாத 137 கணவர்களில் 40 பேரைக் கிருமி பற்றியது, செய்துகொண்ட 50 பேரில் ஒருவரைக்கூடப் பற்றவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நிதானமுள்ளவர்கள் சம்மதிக்கவில்லை. சம்மதிக்காததற்கு நியாயமும் இருந்தது. விருத்தசேதனம் தனியாக வருவதில்லை. மதத்தோடும், குலத்தோடும், குடிப்பழக்கம் உண்டா இல்லையா என்பதோடும், மணவாழ்வின் கட்டுப்பாடுகளோடும் சேர்ந்தே வருகிறது. கள்ளும் சாராயமும் தொடாத ஒரு முஸ்லிம் வியாபாரிக்கு நோய் வராததற்குக் காரணம் அவருடைய முன்தோல் இன்மையா, அவருடைய ஒழுக்கமா என்பதைப் படங்களை வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியுமா? மேலும், படத்துக்கு ஒவ்வாத இடங்களும் இருந்தன. லெசோத்தோவில் 2004-இல் எடுத்த கணக்கில், விருத்தசேதனம் செய்துகொண்டதாகச் சொன்ன ஆடவர்களில் 22.8 சதவிகிதத்தினருக்கும், செய்யாதவர்களில் 15.2 சதவிகிதத்தினருக்கும் கிருமி இருந்தது. அதாவது நேர்மாறாக இருந்தது. அந்தப் புதிர் அவிழ்ந்த விதம் சுவாரசியமானது. அந்நாட்டு ராணுவத்தில் சேர வந்த இளைஞர்களை வைத்தியர்கள் நேரில் பரிசோதித்தபோது, மலைமேல் சடங்கு முடித்து வந்ததாகச் சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முன்தோல் சிறிதளவே நீங்கியிருந்தது, அல்லது நீங்கவே இல்லை. சடங்கின் பெயர் வேறு, சஸ்திரத்தின் செயல் வேறு என்பதை வாய்மொழியை மட்டும் நம்பிக் கணக்கெடுத்தவர்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள். இத்தகைய குழப்பங்களை முன்னிட்டே, 2003-இல் அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துச் சீர்தூக்கிய காக்ரேன் என்ற அமைப்பின் மதிப்பீட்டாளர்கள், இவ்விஷயத்தில் தீர்ப்புக் கூறப் பிரமாணம் போதாது என்று கையை விரித்தார்கள்.

போதிய பிரமாணம் வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. சம்மதிக்கும் ஆயிரக்கணக்கான ஆடவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனேயும் மற்றப் பிரிவினருக்கு ஆராய்ச்சி முடிந்த பின்னும் சிகிச்சை செய்வதாக ஏற்பாடு செய்து, இடைக்காலத்தில் எந்தப் பிரிவில் எத்தனை பேரைக் கிருமி பற்றுகிறது என்று காத்திருந்து பார்க்க வேண்டும். அவ்வாறு பிரிக்கும்போது மதம், குடி, குணம் எல்லாம் இரு புறமும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்துவிடும். இப்படி மூன்று பரிசோதனைகள் நடந்தன. ஜொஹானஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஆரஞ்சு ஃபார்ம் குடியிருப்பில் பெர்ட்ரான் ஓவேர் என்ற பிரெஞ்சுக்காரரின் தலைமையில் 18 முதல் 24 வயதுக்கு உட்பட்ட 3,274 இளைஞர்கள் சேர்ந்தார்கள். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு நகரில் ராபர்ட் பெய்லியின் தலைமையில் அதே வயதினர் 2,784 பேர். ராக்காயில் ரொனால்ட் கிரேயின் தலைமையில் 15 முதல் 49 வயது வரையுள்ளவர்கள் 4,996 பேர். முடிவுகளைப் பார்ப்போம். ஆரஞ்சு ஃபார்மில் சிகிச்சை பெற்றவர்களில் 20 பேரையும் காத்திருந்தவர்களில் 49 பேரையும் கிருமி பற்றியது. கிசுமுவில் 22-க்கு 47. ராக்காயில் 22-க்கு 45. தேசம் வேறு, பாஷை வேறு, ஆராய்ச்சியாளர் வேறு. விகிதம் மட்டும் ஒன்று போல் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. மூன்றையும் மேற்பார்வைக் குழுவினர் குறித்த தவணைக்கு முன்னதாகவே நிறுத்தச் சொன்னார்கள். பயன் தெரிந்த பிறகும் ஒரு பிரிவினரைக் காத்திருக்க வைப்பது தர்மமாகாது என்பது அவர்கள் கூறிய காரணம். 2007 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பும் கூடி, ஆண் பெண் உறவினால் நோய் மலிந்து, விருத்தசேதனம் அருகியிருக்கும் நாடுகளில் இதனை ஒரு தடுப்பு முறையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன.

தோலைச் சற்று நீக்குவதனால் ஒரு கிருமி எவ்வாறு தடைப்படும் என்று கேட்பது இயல்பே. முன்தோலின் வெளிப்பக்கம் உடம்பின் மற்றத் தோலைப் போலத் தடித்திருக்கிறது. உட்பக்கமோ மெல்லியதாகவும் ஈரப்பசை உள்ளதாகவும் இருக்கிறது. உறவின்போது அந்த உட்பக்கம் வெளியே திரும்பி, நுண்ணிய கீறல்களுக்கு ஆளாகிறது. அங்கேதான் எச்.ஐ.வி. கிருமி தேடிப் பற்றும் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்களும், ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையும் மேற்பரப்புக்கு மிக அண்மையில் உறைகின்றன. தோலுக்கும் மொட்டுக்கும் இடையேயுள்ள காற்றுப் புகாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் அழற்சியை உண்டாக்கி, அந்த உயிரணுக்களை இன்னும் மிகுதியாக அங்கே வரவழைக்கின்றன. முன்தோலை நீக்கினால் இந்த வாசலில் பெரும்பகுதி அடைபடுகிறது. எல்லா வாசலும் அடைபடுவதில்லை. அக்கிப்புண் வகையான ஹெர்ப்பிஸும், பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமியும் ஓரளவு குறைவதாக அதே பரிசோதனைகளில் தெரிந்தது உபரியான லாபம்.

எல்லைகளைச் சொல்லாமல் பயனை மட்டும் சொல்வது பிரசாரமேயன்றி ஆராய்ச்சி ஆகாது. முதலாவது எல்லை பெண்கள். கிருமி ஏற்கனவே உள்ள ஆடவனுக்கு விருத்தசேதனம் செய்தால் அவனுடைய மனைவிக்குப் பாதுகாப்பு உண்டாகுமா என்பதை ராக்காயில் தனியே பரிசோதித்தார்கள். 2009-இல் வெளிவந்த முடிவின்படி, அத்தகைய பயன் ஏதும் இல்லை என்பது மட்டுமன்று, புண் ஆறுவதற்கு முன்னரே உறவு தொடங்கிய தம்பதிகளில் அபாயம் கூடுவதாகவும் தோன்றியது. பெண்ணுக்குக் கிடைப்பது மறைமுகமான நன்மை. ஊரில் கிருமியுள்ள ஆடவர் தொகை குறையும்போது அவளுக்கும் அபாயம் குறைகிறது. அதற்குப் பல வருஷங்கள் செல்லும். ஆணோடு ஆண் கொள்ளும் உறவிலும், ஏற்பவர் இடத்தில் இருப்பவருக்கு இதனால் பாதுகாப்பு இராது என்பது சொல்லாமலே விளங்கும். ஊசி வழிப் பரவுவதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

எதிர்ப்பாளர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுள் சில வெறும் வீம்பு. சில கவனிக்கத் தக்கவை. அறுபது சதவிகிதம் பாதுகாப்பு என்று பறைசாற்றுகிறீர்களே, நூற்றுக்கு இரண்டு பேரைப் பற்ற வேண்டியது நூற்றுக்கு ஒருவரைப் பற்றியது என்பதுதானே உண்மை என்று கேட்டார்கள். கணக்கு சரிதான். ராக்காயில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.33 ஆக இருந்தது 0.66 ஆயிற்று. ஆனால் ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஒருவர் என்பது, பதினைந்து வயதில் தொடங்கி ஆயுள் முழுவதும் அந்த அபாயத்தில் வாழும் ஒருவனுக்குச் சிறிய எண் அன்று. இதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பரிசோதனைகளை முன்கூட்டியே நிறுத்தியதால் பயன் மிகைப்பட்டுத் தோன்றியிருக்கலாம் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. அதற்கு விடை காலம் தந்தது. கிசுமுவில் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் பாதுகாப்பு 58 சதவிகிதமாக நிலைத்திருந்தது. சிகிச்சை செய்துகொண்ட தைரியத்தில் இளைஞர்கள் ஆணுறையை எறிந்துவிட்டுத் திரிவார்கள் என்ற பயமும் தொடர்ந்த கண்காணிப்பில் பெரும்பாலும் மெய்ப்படவில்லை. மறுபுறம், டென்மார்க்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் லட்சக்கணக்கான ஆடவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் விருத்தசேதனத்துக்கும் எச்.ஐ.வி. பற்றாமைக்கும் யாதொரு தொடர்பும் காணவில்லை. இதைக் காட்டி ஆப்பிரிக்கப் பரிசோதனைகள் பொய் என்று சாதிப்பவர்கள், டென்மார்க்கிலும் கனடாவிலும் நோய் பரவும் பாதை வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் மெய்யாக இருக்கலாம். என் அபிப்பிராயத்தில் இரண்டும் மெய்யே.

ஆராய்ச்சிக்கூடத்தில் வென்ற ஒன்று ஊருக்குள் வந்து வெல்வது வேறு காரியம். கிசுமுவைச் சுற்றி வாழும் லுவோ குலத்தார் மரபுப்படி விருத்தசேதனம் செய்யாதவர்கள். அவர்களுடைய பழைய சடங்கு கீழ்வரிசை முன்பற்கள் ஆறினைப் பிடுங்குவது. விருத்தசேதனம் செய்யும் அண்டைக் குலத்தார், லுவோ தலைவர்களைப் பையன்கள் என்று எள்ளி, ஆளத் தகுதியற்றவர்கள் என்று அரசியல் மேடைகளில் பேசுவது கென்யாவில் நெடுநாளைய வழக்கம். 2007 தேர்தலை ஒட்டிய கலகத்தில், லுவோ ஆடவர்களை வழிமறித்துப் பலவந்தமாக அறுத்த கொடுமைகளும் நடந்தன. அந்த ரத்தம் உலராத 2008-ஆம் ஆண்டிலேதான் அரசாங்கம் அதே லுவோ மக்களிடம் சென்று, நீங்களாக விரும்பி இதனைச் செய்துகொள்ளுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. முதியோர் சபை முதலில் முகம் சுளித்தது. பிறகு, இது குலச் சடங்கு அன்று, வைத்தியம், அவரவர் விருப்பம் என்று ஒதுங்கியது. லுவோ குலத்தவரான பிரதம மந்திரி ராய்லா ஒடிங்கா வெளிப்படையாக ஆதரித்தார். முந்தைய ஆண்டுக் கணக்கில், கென்யாவில் விருத்தசேதனம் செய்யாத ஆடவரில் நூற்றுக்கு 13.2 பேருக்கும் செய்தவரில் 3.9 பேருக்கும் கிருமி இருந்தது என்பதை அறிந்த மக்கள், மானாபிமானத்தைவிட உயிரைப் பெரிதாக மதித்தார்கள். டாக்டர்கள் போதாமையால், கிளினிக்கல் ஆபீசர் எனப்படும் பட்டயப் படிப்பாளரும் நர்ஸுகளும் பயிற்சி பெற்று மேஜை மேஜையாகச் சிகிச்சை செய்தார்கள். மரத்துப்போகும் ஊசி, அரைமணி நேரச் சிகிச்சை, கரையும் நூலில் தையல், இரண்டாம் நாளும் ஏழாம் நாளும் கட்டுப் பார்த்தல், ஆறு வாரம் உறவு தவிர்த்தல்: இவ்வளவுதான். இந்த ஆறு வாரமும் வேலைக்குப் போக முடியாத இரண்டொரு நாள் கூலியுமே, குடும்பஸ்தர்களைப் பின்வாங்கச் செய்த பெரிய தடைகள். தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் குளிர்காலத்தில்தான் புண் நன்றாக ஆறும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. ஆகையால் பள்ளி விடுமுறையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

தென் ஆப்பிரிக்காவின் ஸுலு நாட்டில் கதை வேறு. படையெடுப்புக்கு ஆள் குறையக் கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாகா மன்னன் நிறுத்தியதாகச் சொல்லப்படும் வழக்கத்தை, 2009-இல் மன்னர் குட்வில் ஸ்வெலித்தினி மீட்டு உயிர்ப்பித்தார். அரசாங்கம் அவசரத்தில், மலேசியாவில் உருவான தாரா கிளாம்ப் என்ற பிளாஸ்டிக் கருவியைக் கொண்டு காரியத்தை முடிக்கப் பார்த்தது. அந்தக் கருவியை முன்னரே ஆரஞ்சு ஃபார்மில் சோதித்தபோது, சாதாரண அறுவைச் சிகிச்சையில் நூற்றுக்கு மூன்று பேருக்கு நேர்ந்த உபாதைகள் கருவியால் நூற்றுக்கு முப்பத்தேழு பேருக்கு நேர்ந்திருந்தன! நோயாளிகளின் உரிமைக்காகப் போராடும் சங்கத்தார் கூக்குரல் எழுப்பினார்கள். ஸ்வாஸிலாந்தில் 2011-இல் மன்னர் மூன்றாம் ம்ஸ்வாட்டியே தொடங்கிவைத்த இயக்கம், ஒரே ஆண்டில் ஆடவர் எண்பது சதவிகிதத்தினரைச் சேர்த்துவிடுவதாகப் புறப்பட்டு, இலக்கின் மிகச் சிறு பகுதியோடு ஓய்ந்தது. மன்னர் சொன்னாலும் மந்திரி சொன்னாலும், இது ஒருவன் தன் உடம்பைப் பற்றித் தானே செய்துகொள்ள வேண்டிய முடிவு என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள்.

இப்படித் தடுமாறியும் தேறியும், கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் பதினைந்து நாடுகளில் 2008 முதல் மூன்று கோடிக்கும் அதிகமான ஆடவர்கள் இந்தச் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். ராக்காயில் 2016 வரை எடுத்த கணக்கின்படி, விருத்தசேதனம் 15-இலிருந்து 59 சதவிகிதமாக உயர்ந்து, கிருமியுள்ளவர்களில் 69 சதவிகிதத்தினர் மருந்து உண்ணத் தொடங்கிய காலத்தில், புதிதாக நோய் பற்றுவது 42 சதவிகிதம் குறைந்தது. இதில் சிகிச்சைக்கு எவ்வளவு பங்கு, மருந்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது எளிதன்று. ஏனெனில், கிருமியுள்ளவர் காலத்தில் மருந்து உண்டால் துணைவருக்குப் பரவுவது 96 சதவிகிதம் குறைகிறது என்று 2011-இல் நிரூபணமாயிற்று; அந்த எண்ணுக்கு முன்னால் அறுபது சிறியதுதான். 2024-இல் வெளிவந்த பரிசோதனையில், ஆண்டுக்கு இரு முறை லெனாகபவிர் என்னும் தடுப்பு ஊசி போட்டுக்கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கப் பெண்களில் ஒருவரைக்கூடக் கிருமி பற்றவில்லை. அப்படியானால் கத்தி எதற்கு என்று கேட்பீர்கள். மருந்து நாள்தோறும் வேண்டும், ஊசி ஆண்டுதோறும் வேண்டும். இதுவோ ஒரே முறை. மருந்துக் கிடங்கு காலியானாலும், நன்கொடை நின்றாலும், முன்னர்ச் செய்துகொண்டவனுடைய பாதுகாப்பு நீங்குவதில்லை. குடை பிடித்தவன் சாரலில் நனைவான் என்பதற்காகக் குடையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசாங்கம் வெளிநாட்டு உதவியை நிறுத்தி, உயிர் காக்கும் சேவைகள் என்று சிலவற்றுக்கு மட்டும் விலக்களித்தபோது, அந்தப் பட்டியலில் விருத்தசேதனம் இடம்பெறவில்லை. திட்டத்தின் செலவில் பெரும்பகுதி அமெரிக்கப் பணமாதலால் பல சிகிச்சைக் கூடங்கள் ஓய்ந்தன.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் 2012-இல் கொலோன் நீதிமன்றம், மத காரணத்துக்காகச் சிறுவனுக்குச் செய்வது உடற்காயம் என்று தீர்ப்பளித்ததும், அந்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதனை அனுமதித்ததும் வேறொரு வழக்கு. மூன்று பரிசோதனைகளும் வளர்ந்த ஆடவரின் சம்மதத்தோடு நடந்தவை. அவற்றைச் சிசுக்களுக்குச் சாட்சியாக இழுப்பது முறையன்று. சிறுவர்களுக்கு உபாதை மிகுதி என்று கண்டதனாலேயே, உலக சுகாதார ஸ்தாபனம் 2020 முதல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களையே குறிக்கிறது.

நம் தேசத்துக்கு இதில் பாடம் உண்டா? புனே நகரில் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த 2,298 ஆடவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2004-இல் வெளிவந்தது. விருத்தசேதனம் செய்துகொண்டவர்களை எச்.ஐ.வி. பற்றும் அபாயம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே என்றும், மேகநோய், வெட்டை முதலியவற்றில் அத்தகைய வித்தியாசம் இல்லை என்றும் அது கண்டது. ஆகவே ஆப்பிரிக்காவில் மெய்யான ஜீவ தத்துவம் இங்கும் மெய்தான். ஆனால் நோய் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேரைப் பற்றியிருக்கும் ஊரில் ஐந்து முதல் பதினைந்து பேருக்குச் சிகிச்சை செய்தால் ஒருவரைக் காக்கலாம் என்று கணக்கிட்டார்கள். வயது வந்தவர்களில் ஐந்நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவே நோய் உள்ள இந்தியாவில், ஒருவரைக் காக்க எத்தனை ஆயிரம் பேரை மேஜையில் கிடத்த வேண்டும்! மத உணர்ச்சி தொட்டால் பற்றிக்கொள்ளும் இந்நாட்டில், இதைப் பொதுத் திட்டமாக்குவது பயனற்றது என்பதே என் தீர்ப்பு. இங்கே நோய் குறைந்தது பரிசோதனையாலும், ஆணுறையாலும், 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் சானடோரியம் போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தாலும். சந்தேகம் உள்ள வாசகர் எவராயினும், சுன்னத்துச் செய்தவராயினும் செய்யாதவராயினும், தம் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலுள்ள நம்பிக்கை மையத்துக்குச் சென்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அங்கே காசு கேட்கமாட்டார்கள், முடிவை வெளியே சொல்லவும் மாட்டார்கள்.